மனம் குத்தாமல் ஒரு நாளை முடிப்பது எப்படி

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இருந்து சாறி பிளவுஸ் தைக்கிறேன். தொடர்மாடியில் இரண்டாம் மாடி. முன் அறைதான் தையல் அறை, யன்னலோரம் மெசின். கரையோர ரயில் போகும்போது பொபின் பெட்டி மெல்ல அதிரும். இருபத்தாறு வருடத் தொழில். முன்பெல்லாம் ஆவணியிலும் தையிலும் கலியாணங்கள் கூடும்போது ஒரு நாளைக்கு ஐந்து பிளவுஸ்கூட முடிப்பேன்.

அப்படி ஐந்து முடித்த ஒரு நாள் இரவு பாயில் சரிந்தேன், நித்திரை வரவில்லை. மனதுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது. சாவகச்சேரியில் இருக்கிற அம்மாவுக்குப் போன் எடுக்கவில்லை. மகனின் கணக்குக் கொப்பியைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வாங்கிய பொன்னாங்காணி பிரிட்ஜுக்குள் கிடந்து மஞ்சளாகிவிட்டது. கனடாவில் இருக்கிற மச்சாளின் மகளுக்கு வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் வாழ்த்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமையாக இருந்தும் கோவிலுக்குப் போகவில்லை. தைத்து முடித்த ஐந்து பிளவுஸும் அந்தக் கணக்கில் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

அடுத்த நாள் ஒரு பிள்ளை துணியோடு வந்தாள். அளவு பிளவுஸ் கொண்டுவரவில்லை, நின்று அளவு கொடுக்கவும் நேரமில்லை. “அக்கா, வடிவாத் தைச்சுத் தாங்கோ, காணும்” என்றாள். “பிள்ளை, வடிவா எண்டது ஒரு அளவில்லை. அளவு தராட்டி நான் எப்பிடித் தைச்சாலும் உமக்குப் பிழையாத்தான் கிடக்கும்” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்கே உறைத்தது. நல்ல அம்மாவாக இருக்க வேண்டும், நல்ல மகளாக இருக்க வேண்டும், வீட்டை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்று நான் சுமந்து திரிந்த எல்லாமே அந்த ‘வடிவா’ போலத்தான். எங்கே முடிகிறது என்று தெரியாத வேலையை எவ்வளவு செய்தாலும் அது முடிந்ததாகாது. முடியாமல் கிடக்கிறதுதான் இரவில் வந்து குத்துகிறது.

அதற்குப் பிறகு எனக்கென்று செய்து பார்த்த முறையைத்தான் எழுதுகிறேன். நாலு வருடத்துக்கு மேலாக இதில் நிற்கிறேன். என்னிடம் தைக்க வருகிற சிலரும் செய்து பார்த்துப் பலன் கண்டிருக்கிறார்கள்.

ஒரு கிழமை, ஒரு கொப்பி

உடனே எதையும் மாற்றத் தொடங்காதீர்கள். பிள்ளைகள் பாவிக்கிற 40 பக்கக் கொப்பி ஒன்றை எடுங்கள். நீங்கள் நாளில் அதிக நேரம் இருக்கிற இடத்தில் வையுங்கள். எனக்கு அது மெசின் லாச்சி. உங்களுக்குக் குசினி யன்னலாக இருக்கலாம், ஒபிஸ் மேசையாக இருக்கலாம். மனம் குத்துகிற ஒவ்வொரு முறையும் நேரத்தைப் போட்டு ஒரு வரி எழுதுங்கள். ‘காலை 6.40: மகனுக்குப் பாணும் சம்பலும் கொடுத்தேன், புட்டு அவிக்கவில்லை.’ அவ்வளவுதான். காரணமும் தேவையில்லை, தீர்வும் தேவையில்லை.

இதைப் போனில் எழுத வேண்டாம் என்பது என் அனுபவம். எழுதுவதற்கென்று போனைக் கையில் எடுத்தால், அதற்குள் குடும்பக் குறூப்பில் யாரோ ஒருவருடைய வீட்டுப் படம் வந்து கிடக்கும். அது அடுத்த வரிக்கு வழி.

என்னுடைய முதல் கிழமையில் 38 வரிகள் சேர்ந்தன. வாசித்துப் பார்த்தபோது இரண்டு விசயம் பளிச்சென்று தெரிந்தது. ஒன்று, பாதிக்கு மேல் பின்னேரம் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் எழுதியவை. உடம்பு களைத்து, வயிறு காய்ந்து, மூன்று வேலை ஒரே நேரத்தில் கூப்பிடுகிற நேரம் அது. மற்றது, ஒரே குத்தல்தான் வேறு வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப வந்திருந்தது. 38 வரிக்குள் உண்மையில் இருந்தது பதினொரு விசயம்.

பிரித்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான வேலை. ஆறுதலாக இருந்து செய்யுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு அடையாளம் போட வேண்டும். நான் மூன்று வகையாகப் பிரித்தேன்: கடன், ஊர்வாய், அளவில்லாதது.

கடன் என்றால் நான் உண்மையாகவே ஒருவருக்குப் பிழை செய்திருக்கிறேன் என்பது. 2017இல் ஒரு தாய் தன் மகளின் எழுத்துக்கு, அதாவது கலியாணப் பதிவுக்கு என்று பட்டுத் துணி தந்தார். அந்தக் கிழமை வேலை தலைக்கு மேலே. பின் கழுத்தை அரை இஞ்சி, அதாவது அரை அங்குலம், கூட வெட்டிவிட்டேன். மறைத்து ஒரு நாடா வைத்துத் தைத்து, முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு வரவுமில்லை. காலி வீதியில் அவரைக் கண்டால் நான் மற்றப் பக்கம் மாறி நடப்பேன். இந்த மாதிரிக் குத்தலை மூச்சுப் பயிற்சி செய்தோ ‘உன்னை நீயே மன்னித்துக்கொள்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டோ போக்கப் பார்ப்பது சரியென்று நான் நினைக்கவில்லை. அது சரியான இடத்தில்தான் குத்துகிறது. போய்த் தீர்க்க வேண்டும். நான் போன் எடுத்துச் சொன்னேன்: “அக்கா, அண்டைக்கு நான் பிழையா வெட்டிப்போட்டு உங்களிட்டச் சொல்லேல்ல.” புறக்கோட்டை கெய்சர் வீதிக்குப் போய் அதே நிறத்தில் துணி தேடி வாங்கி, இன்னொரு பிளவுஸ் தைத்துக் கொடுத்தேன். தான் அதை எப்போதோ மறந்துவிட்டதாக அவர் சொன்னார். நான் மறக்கவில்லை. கொடுத்த அன்றிரவு அந்த வரியை வெட்டினேன்.

ஆளே இல்லாத கடனும் உண்டு. அப்பா கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் நான் இங்கே கலியாண ஓடர் முடித்துக்கொண்டிருந்தேன். இரவு பஸ் ஏறினால் விடியப் போய்ச் சேரலாம். ‘வாற கிழமை போவம்’ என்று இரண்டு தரம் தள்ளினேன். மூன்றாம் தரம் செத்தவீட்டுக்குத்தான் போனேன். இதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? கன காலம் இதை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். இப்போது அப்பாவின் திவசத்துக்கு முந்திய கிழமையில் பள்ளிக்கூடச் சீருடை இரண்டு, கூலி வாங்காமல் தைத்துக் கொடுக்கிறேன். அரசாங்கம் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் தையல் கூலி பல வீடுகளில் இடிக்கிறது, அது எனக்குத் தெரிந்த விசயம். இரண்டு சீருடை. ஐந்தாக்க மாட்டேன். அப்பாவுக்கான கவலை அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அது வருடம் முழுக்க ஒவ்வொரு வேலைக்குள்ளும் புகுந்து வருவது நின்றிருக்கிறது.

இரண்டாவது வகை ஊர்வாய். ‘நாலு பேர் என்ன சொல்லுவினம்?’ இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: யாருக்குமே தெரியவராது என்றால் இது என்னைக் குத்துமா? ஒரே சாறியை இரண்டு கலியாணத்துக்குக் கட்டினது, வந்த ஆட்களுக்குக் கடை வடை வாங்கிக் கொடுத்தது, மகனை மிருதங்க வகுப்புக்கு விடாதது. மிருதங்கத்தை அவன் ஒரு நாளும் கேட்கவில்லை. எங்கள் மேல்மாடி மாமிதான் கேட்டவர். இந்த வகை வரிகளைக் கோடு போட்டு வெட்டிவிடுங்கள். ஒரு தரம் வெட்டினால் போய்விடாது, திரும்பி வரும். திரும்பவும் வெட்டுங்கள். என் பதினொன்றில் நாலு இப்படிப் போயிற்று.

மிச்சம் மூன்றாவது வகை. அளவில்லாத ஆசைகள். அம்மாவோடு கதைக்க வேண்டும், பிள்ளையின் படிப்பைக் கவனிக்க வேண்டும், சாமானை வீணாக்கக் கூடாது, உடம்பைப் பார்க்க வேண்டும். இவை எல்லாமே நியாயமானவை. விட்டுவிடவும் கூடாதவை. இவற்றுக்குத்தான் அளவெடுக்க வேண்டும்.

சங்கற்பம் எழுதுவது

மயூரபதி அம்மன் கோவிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போது ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்பார், பிறகு சங்கற்பம் சொல்வார். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததில்லை. ஒரு நாள் கேட்டேன். எந்த வருடம், எந்த மாதம், எந்தத் திதி, எந்தக் கிழமை, எந்த ஊர், யார் செய்கிறார், எதற்காகச் செய்கிறார் என்று வரிசையாக வருகிறதாம். ‘நான் இனி நல்ல பக்தையாக இருப்பேன்’ என்று ஒரு சொல் அதில் இல்லை. இன்றைக்கு, இந்த இடத்தில், இன்ன ஆள், இன்ன காரியத்துக்காக இந்தப் பூசையைச் செய்கிறேன். பூசை முடிந்தால் சங்கற்பமும் முடிந்தது.

நேர்த்தி அப்படியில்லை. நேர்த்தி வைத்தால் அது நேர்த்திக்கடன், கடனென்றே பெயர். தீர்க்காவிட்டால் பயம். எங்களில் பலர் புதுவருடத்துக்கும் பிறந்தநாளுக்கும் மனதில் எண்ணுகிற எண்ணங்களை நேர்த்தி மாதிரி வைக்கிறோம், பிறகு கடன்காரராகத் திரிகிறோம். சங்கற்பம் மாதிரி வைத்துப் பாருங்கள்.

என்னிடம் அபாயா தைக்கத் தருகிற பாத்திமா ராத்தாவிடம் இதைச் சொன்னபோது, “எங்கட நிய்யத்தும் அப்பிடித்தானே” என்றார். நோன்பு பிடிக்க முதலும் தொழ முதலும் இன்ன தொழுகை, இன்ன நோன்பு என்று அந்த நேரத்தில் மனதில் வைப்பது. எந்தச் சமயத்தவராக இருந்தாலும் வீட்டிலேயே ஒரு வழி இருக்கும்போலிருக்கிறது.

இனி எழுதுகிற விதம். ‘அம்மாவோடு அடிக்கடி கதைக்க வேண்டும்’ என்பது என் கொப்பியில் இருந்த வரி. நான் அதை இப்படி மாற்றினேன்: ‘இரவு 7.30க்கு மெசினுக்கு உறை போட்ட கையோடு, யன்னலோரக் கதிரையில் இருந்து அம்மாவுக்கு எடுப்பேன். கால் மணித்தியாலம்.’ மகனின் படிப்பு இப்படி ஆயிற்று: ‘செவ்வாயும் வியாழனும் இரவுச் சாப்பாட்டுக் கோப்பை கழுவினதும் அவன் காட்டுகிற ஒரு கொப்பியைப் பார்ப்பேன்.’ எந்தக் கொப்பி என்பது அவன் விருப்பம். வாடிப்போகிற கீரைக்கு: ‘புதனும் ஞாயிறும் மட்டும் மரக்கறி வாங்குவேன். வாங்கின அன்றே கீரையைச் சுண்டுவேன்.’

இந்த வரிகளில் கவனிக்க வேண்டியது சில. கண்ணால் காணக்கூடிய ஒரு செயல் இருக்கிறது. எடுப்பேன், பார்ப்பேன், சுண்டுவேன். ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு கொளுவி இருக்கிறது. உறை போடுவது, கோப்பை கழுவுவது. எனக்கு நேரத்தை நினைவில் வைத்திருக்க முடியாது, ஆனால் மெசினுக்கு உறை போடாமல் ஒரு நாளும் எழும்பியதில்லை. பிறகு, எங்கே முடிகிறது என்பது வரிக்குள்ளேயே கிடக்கிறது. கால் மணித்தியாலம், ஒரு கொப்பி.

உளவியல் படிக்கிற என் மகள் இதைக் கேட்டுவிட்டு, பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1990களில் இதைப் பற்றித்தான் ஆராய்ந்தார் என்றாள். ‘இதைச் செய்வேன்’ என்று மட்டும் எண்ணுகிறவர்களைவிட, ‘இன்னது நடந்தால், இன்ன இடத்தில் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு எடுத்தவர்கள் அதைச் செய்து முடிப்பது கூடவாம். அந்த நேரம் வந்ததும் யோசிக்கவே தேவையில்லாமல் கை தானாகப் போகிறது.

இன்னும் ஒன்று. வரியை ‘வேண்டும்’ என்று முடிக்காதீர்கள். ‘எடுக்க வேண்டும்’ என்று எழுதினால் யாரோ மேலே நின்று ஏவுகிற மாதிரி இருக்கும். ‘எடுப்பேன்’ என்று எழுதினால் அது என்னுடைய சொல். எழுதிவிட்டு ஒரு தரம் வாய்விட்டு வாசியுங்கள், வித்தியாசம் காதுக்குத் தெரியும். ‘இனிமேல்’, ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘நல்லா’, ‘வடிவா’ என்ற சொற்கள் வந்தாலும் வெட்டுங்கள்.

மூன்று வரிக்கு மேல் வேண்டாம். முதல் தரம் நான் ஏழு எழுதினேன், இரண்டாம் கிழமையே ஏழும் சேர்ந்து என்னைக் குத்தத் தொடங்கிவிட்டன. அந்த மூன்றில் ஒன்று உங்கள் சொந்தச் சந்தோசத்துக்கென்று இருக்கட்டும். என்னுடையது: ‘பின்னேரம் 5.30க்கு மரைன் டிரைவுக்கு இறங்கி, இருபது நிமிசம் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.’ போன் கொண்டுபோவதில்லை. சில நாள் கச்சான் சுருள் ஒன்று வாங்குவேன். தொடக்கத்தில் இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. துணி குவிந்து கிடக்க இவள் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளே என்று எனக்கே மனம் அந்தரப்பட்டது. கல்லில் இருந்து, ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் வெயில் தண்ணீரில் சரிகை மாதிரி உடைந்து உடைந்து மங்குவதைப் பார்ப்பேன். பத்தாம் நிமிசத்தில் தோள் தானாக இறங்கும். இருபது முடிந்ததும் எழும்பிவிடுவேன். முடிகிற நேரம் தெரிந்ததால்தான் அங்கே நிம்மதியாக இருக்க முடிந்தது. அந்தப் பழக்கம் வந்த பிறகு ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட அந்தக் கரைச்சலான நேரமும் கொஞ்சம் இளகிற்று.

உள்ளே ஒரு இஞ்சி விடுங்கள்

நல்ல தையல்காரி பிளவுஸின் இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே ஒரு இஞ்சித் துணி கூட விட்டுத்தான் தைப்பாள். வெளியே தெரியாது. உடம்பு கொஞ்சம் போட்டால், பிள்ளைப்பெற்றால், தையலைப் பிரித்து இளக்கலாம். துணியை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒட்ட வெட்டினால் அந்த பிளவுஸ் ஒரு வருடத்தில் அலுமாரிக்குள்ளே போய்விடும்.

எழுதின மூன்று வரிக்கும் இப்படி உள்ளே விட வேண்டும். நான் கிழமைக்கு இரண்டு நாள் விட்டிருக்கிறேன். ஏழு நாளில் ஐந்து நாள் அம்மாவுக்கு எடுத்தால் அந்தக் கிழமை முழுமை. மிச்ச இரண்டு நாளும் தவறினதாகக் கணக்கில்லை. முதலே விட்டுவைத்த துணி அது.

லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊற எத்தனை நாள் எடுக்கும் என்று பார்த்திருக்கிறார்கள். நடுத்தரமாக 66 நாள். ஆனால் ஆளுக்கும் பழக்கத்துக்கும் தக்கபடி 18 நாளிலிருந்து 254 நாள் வரை போயிருக்கிறது. ‘21 நாளில் பழக்கம் வந்துவிடும்’ என்று கேட்டு நம்பி, இருபத்திரண்டாம் நாள் தன்னைத் தானே நொந்துகொண்டவர்கள் எத்தனை பேர்! அதே ஆய்வில், ஒரு நாள் தவறிப்போனதால் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை என்றும் கண்டிருக்கிறார்கள். மகள் இதை வாசித்துச் சொன்ன அன்று எனக்கு நெஞ்சுக்குள் எதோ இறங்கின மாதிரி இருந்தது.

தவறின நாளுக்கு அடுத்த நாள் ஈடு கட்டாதீர்கள். நேற்றுக் கதைக்கவில்லை என்று இன்றைக்கு அரை மணித்தியாலம் கதைக்க வேண்டாம். ஈடு கட்டத் தொடங்கினால் அது திரும்பவும் கடனாகிவிடும். அம்மாவிடம் நான் இந்த ஏழரை மணிக் கதையைச் சொல்லித்தான் தொடங்கினேன். “அப்ப நான் அதுக்கு முன்னம் விளக்கேத்தி முடிச்சிடுறன்” என்றார். ஒரு நாள் ஒரு மணமகளின் துணி பிழைத்துப் போய் பத்து மணி வரை மெசினில் இருந்தேன், எடுக்கவில்லை. அடுத்த நாள் எடுத்து ஒன்றும் சொல்ல முதலே அம்மா சொன்னார்: “நேற்று நானும் வேளைக்கே நித்திரையாப் போனன் பிள்ளை.” உண்மையோ, எனக்காகச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

ஏலாது என்று சொல்வது

நாளைச் சுருக்காமல் மூன்று வரிக்குக்கூட இடம் வராது. சுருக்க வேண்டுமென்றால் வாய் திறந்து ஏலாது என்று சொல்லத் தெரிய வேண்டும். எங்கள் பெண்களுக்கு இது பெரிய கஷ்டம். நான் முன்பு வந்த எல்லோருக்கும் “ஓம், வெள்ளிக்கிழமை தாறன்” என்று சொல்லிவிட்டு வியாழன் இரவு செத்துப் பிழைப்பேன். இப்போது நாளைக்கு மூன்று பிளவுஸ், அதற்கு மேல் எடுப்பதில்லை. வருமானம் கொஞ்சம் குறைந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் பிழைத்த துணிக்குப் பதில் துணி வாங்கிக் கொடுக்கிற செலவு இல்லாமல் போயிற்று.

சொல்லுகிற விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காரணத்தை நீட்டாதீர்கள், ஒரு திகதியைக் கொடுங்கள். “இந்தக் கிழமை ஏலாது தங்கச்சி, 18ஆம் திகதி பின்னேரம் வந்தா கையில தருவன்.” “மாமி, இண்டைக்கு வர ஏலாது, ஞாயிறு பத்து மணிக்கு வாறன், ஒரு மணித்தியாலம் இருந்திட்டுப் போவன்.” காரணம் சொன்னால் எதிராளி அந்தக் காரணத்தைத் தீர்க்கப் பார்ப்பார். திகதி சொன்னால் பெரும்பாலும் அதை வாங்கிக்கொண்டு போவார். சொன்ன திகதிக்குக் கொடுக்க வேண்டும், அது என் பொறுப்பு.

வீட்டுக்குள்ளும் சில இடங்களில் இது போதும் என்று கோடு போட்டேன். வெள்ளிக்கிழமைச் சமையல் சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு பொரியல். கிழமையில் இரண்டு நாள் இடியப்பம் கடையிலிருந்து வரும். சாறிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: மூன்று வருடம் தொடாததைக் கொடுத்துவிட்டேன். குடும்பக் குறூப்புகளின் சத்தத்தை நிறுத்திவிட்டு இரவு எட்டு மணிக்கு ஒரு தரம் பார்க்கிறேன். பிறந்தநாள் தவறினால் அடுத்த நாள் ‘பிந்தினாலும் அன்போடை’ என்று போடுகிறேன். இதுவரை ஒருவரும் கோபித்ததில்லை.

போயாவுக்குப் போயா

மாதம் ஒரு தரம் இந்த வரிகளைத் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்கு நான் முழுநிலவுக்கு வருகிற பௌத்த விடுமுறையான போயா தினத்தைப் பிடித்துக்கொண்டேன். எல்லோருக்கும் லீவு, பஸ் சத்தம் குறைவு, கடைகளும் பாதி பூட்டிக் கிடக்கும். கலண்டரைப் பார்க்கவே தேவையில்லை, முதல் நாள் இரவு நிலவே சொல்லிவிடும். என்னிடம் வருகிற வயதான ரீச்சர் ஒருவர், 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் சனி ஞாயிறு லீவே இல்லாமல், முழுநிலவு மட்டுமில்லாமல் நிலவின் நாலு கட்டப் போயாவையும் வைத்துத்தான் வார லீவு நடந்தது என்று சொன்னார். எந்தக் கிழமை எப்போது முடியும் என்று தெரியாமல் கொப்பி பார்த்த கதையை அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும்.

போயா அன்று விடியத் தேத்தண்ணியோடு கொப்பியை எடுத்து ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்வி கேட்பேன். இது இன்னும் என்னுடைய ஆசைதானா, இல்லை யாருடையதோவா? அளவு பிடிக்கிறதா, இறுக்குகிறதா? இது தானாக நடக்கத் தொடங்கிவிட்டதா? தானாக நடக்கிறது என்றால் அந்த வரிக்கு வேலை முடிந்தது, அழித்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்று எழுதலாம். இறுக்கினால் அளவைக் குறைக்க வேண்டும். குறைப்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரைக்கும் போனபோது என் வரிகள் மூன்றும் சிதறின. மோட்டார் ஓடவில்லை. பழைய கால் மெசினைத் தூசி தட்டி எடுத்தேன், வெளிச்சம் இருக்கிற நேரத்தில் மட்டும் தைத்தேன், இரவில் போனில் சார்ஜ் இல்லை. அந்தப் போயாவுக்கு மூன்று வரியையும் வெட்டிவிட்டு ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘விடிய 6 மணிக்கு, அடுப்பு மூட்ட முதல், அம்மாவுக்கு இரண்டு நிமிசம் எடுப்பேன்.’ அந்த மாதத்துக்கு அது காணும்.

எழுதின துண்டை எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டாதீர்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டினால் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசித்து, கேள்வி கேட்டு, அதையும் ஊர்வாய் ஆக்கிவிடுவார்கள். என்னுடையது மெசின் லாச்சியின் உள் பக்கத்தில், அளவு நாடா கிடக்கிற இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறது. நாடாவை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும், வேறு ஒருவருக்கும் தெரியாது.

இப்போது அதில் இரண்டு வரிதான் இருக்கிறது. கொப்பி பார்க்கிற வரியைப் போன போயாவுக்கு அழித்துவிட்டேன், மகன் இப்போது செவ்வாய்க்கிழமை தானே கொண்டுவந்து கோப்பை கழுவுகிற இடத்தில் வைக்கிறான். அந்த இடம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. அம்மாவை ஒரு மாதம் இங்கே கூட்டிவந்து வைத்திருக்க ஆசை. இரண்டு மாடிப் படி ஏறுவாரா என்று முதலில் கேட்க வேண்டும். இன்றைக்கு ஏழரைக்குக் கேட்பேன்.